நாலு பேராய் வாசித்த பாட்டு

நேற்று மாலை உன் மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். தலை நரைக்கத் தொடங்கியவர், கையில் வயலின் பெட்டி. உன் நினைவாக மலர் ஒன்று கொண்டுவருகிறார்களாம். "ஐயாவோட ஆரம்ப காலத்தப் பத்தி நீங்கதான் எழுதித் தரணும்" என்றார். பேச்சினூடே பெட்டியைத் திறந்தார். வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டியின் வாசம் கூடமெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குள் ஏறவில்லை. மலருக்கு என்னால் எழுத முடியாது என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். எழுத வேண்டியது இருக்கிறது. ஆனால் அது உனக்குத்தான்.

ஐம்பதுகளில் நீ சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து திண்டுக்கல்லுக்குச் சைக்கிளில் வருவாய், முதுகில் வயலினைக் கட்டிக்கொண்டு. நமக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த வெளிநாட்டுப் பாதிரிச் சாமியார் ஊருக்குத் திரும்பும்போது தன் நாலு வாத்தியங்களையும் மாதா கோவில் பள்ளிக்கூடத்துக்கே விட்டுப் போயிருந்தார். அவரிடம் நன்றாகப் பாடம் கேட்டவன் நீதான். முதல் வயலின் உனக்கு. கணக்கு வாத்தியாரான நான் இரண்டாவது வயலின். வயலினைவிடச் சற்றுப் பெரிதாக, தொண்டை கனத்த குரலில் பேசும் வியோலாவை யூசுப் எடுத்துக்கொண்டான். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பையன். உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ ஸ்டெல்லா டீச்சருக்கு. அதைக் குதிரை வண்டியில் ஏற்றும்போதெல்லாம் வண்டிக்காரர், "என்ன டீச்சரம்மா, இம்புட்டு எடத்த அடைக்குது, இதுக்கும் ஆள் கூலி உண்டா?" என்று சிரிப்பார்.

சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட ஹாலில் உட்காருவோம். எதிரே பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கிற சத்தம். நீ அதையும் மீறி எங்களைக் கேட்க வைத்தாய். "தாளத்த எண்ணாத. பக்கத்துல இருக்கவன் மூச்சக் கேளு" என்பாய். அப்படியே கேட்டோம். ஒரு கட்டத்தில், நீ வில்லை எடுக்கப்போகிறாய் என்பது உன்னைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

நாம் பெரிதாகப் பழகியது ஒரே ஒரு ஐரோப்பிய உருப்படி. அதன் மூன்றாம் பகுதியில் மெட்டு திரும்பி வரும் இடம் நமக்குப் பிடிபடவே இல்லை. யூசுப்தான் சொன்னான்: "அவசரப்படாம செத்த நேரம் சும்மா இருந்துட்டு எடுப்போமே." தாளில் இல்லாத ஒரு மௌனம் அது. வாசித்துப் பார்த்தோம். ஸ்டெல்லா டீச்சர் வில்லைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நீ யூசுப்பின் தோளைத் தட்டி, "ஏலே, இது போதும்டா, மெட்ராசுக்கே போயிரலாம்" என்றாய்.

நிஜமாகவே வானொலி நிலையத்துக்கு எழுதிப் போட்டாய். வந்து வாசித்துக் காட்டச் சொல்லிப் பதில் வந்தது. யூசுப்பின் அத்தாவுக்கு இந்த வாசிப்பெல்லாம் பிடிக்காது. "ரேடியோவுல ஒரு தடவ வந்துட்டா விட்டுருவீங்களா அத்தா?" என்று கேட்டிருக்கிறான். "மொதல்ல வரட்டும்" என்றாராம். அன்றிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் ரேடியோப் பெட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தார்.

தங்க இடம் பார்க்கிறேன் என்று நீ முன்னால் போனாய். திரும்பி வந்து, "தள்ளிப் போட்டுட்டாங்கப்பா. மறுபடி சொல்லி விடுவாங்க" என்றாய். நாங்கள் நம்பினோம். உன் மூச்சையே கேட்டுப் பழகியவர்கள், உன் பேச்சைச் சந்தேகிப்போமா? கொஞ்ச நாளில், சொந்தத்தில் கல்யாணம் என்று மறுபடி மெட்ராசுக்குப் போனாய்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம். நானும் யூசுப்பும் நகராட்சிப் பூங்காவில் கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். கம்பத்து ஒலிபெருக்கியில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. உன் பெயரைச் சொன்னார்கள். நான் துள்ளி எழுந்தேன். அடுத்து மூன்று பெயர்கள் சொன்னார்கள். எவர் பெயரோ.

பிறகு நம் உருப்படி வந்தது. நாம் எங்கே இறங்குவோமோ அங்கே இறங்கியது, எங்கே தேங்குவோமோ அங்கே தேங்கியது. மூன்றாம் பகுதியில் அந்த மௌனமும் வந்தது. யூசுப் கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அது நான் சொன்னதுல்ல?" என்றான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை.

அவனைத் தனியே அனுப்ப மனம் வராமல் வீடுவரை போனேன். வாசலிலேயே அவன் அத்தா நின்றிருந்தார். அக்கம்பக்கத்தாருக்கு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் சொன்ன பெயர்களை அவர் கவனிக்கவில்லை. பாட்டு மட்டும் அவருக்குத் தெரியும், மகன் கொல்லையில் பழகிக் கேட்ட பாட்டு. "எப்படா போய் வாசிச்சுட்டு வந்த? வீட்ல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அவனைக் கட்டிக்கொண்டார். அந்த மனிதர் மகனைக் கட்டிப்பிடித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

யூசுப் அவர் கைகளை மெல்ல விலக்கினான்.

"அது நான் இல்லத்தா."

அந்த வீட்டில் அதற்குப் பிறகு வியோலாச் சத்தம் கேட்கவில்லை. அவன் அதைத் துடைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தோல் கிட்டங்கிக்குப் போய்விட்டான்.

நீ வளர்ந்தாய். இசைக் கல்லூரியில் பேராசிரியர் ஆனாய். டெல்லியில் வாசித்தாய், கடல் தாண்டிப் போனாய். எல்லாம் பேப்பரில் படித்தேன். அறுபதுகளில் ஒருமுறை உன் மாணவர்களோடு திண்டுக்கல்லுக்கே வாசிக்க வந்தாய், நாம் பழகிய அதே ஹாலுக்கு. யூசுப் வரவில்லை. ஸ்டெல்லா டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டாய். மைக்கைப் பிடித்து, "இந்த ஊர்ல எனக்கு மொதல் ரசிகர் இவர்தான்" என்று கை காட்டினாய். எல்லாரும் கைதட்டினார்கள். ரசிகன்! எழுந்து நின்று கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் உன்னிடம் வந்தேன். "ஏன்யா அப்படிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. கைக்குட்டையால் வயலினைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "நாலு பேரும் போயிருந்தா நாலு பேரும் திரும்பி வந்திருப்போம். ஒருத்தனாச்சும் தப்பிக்கணும்ல?"

நான் வாய் திறப்பதற்குள் கார் வந்துவிட்டது. நீ ஏறிப் போனாய். நாம் பேசியது அதுதான் கடைசி.

நீ இறந்துபோன செய்தியை யூசுப்பிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வெகுநேரம் சும்மா இருந்தான். பிறகு, "நல்லா வாசிப்பான்ல" என்றான். அவனால் அப்படிச் சொல்ல முடிகிறது. என்னால் முடியவில்லை. நேற்று வந்த உன் மாணவர், பெட்டியைத் திறக்குமுன், பக்கத்திலிருப்பவர் மூச்சைக் கேட்கச் சொல்லித்தான் நீ பாடம் ஆரம்பிப்பாய் என்றார். பொய்யாக நீ அதைச் சொல்லியிருக்க மாட்டாய். அதை மனதார நம்பியவன்தான் எங்களுக்கு அப்படிச் செய்தான் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அன்றைக்கு உனக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். சரி, வானொலியில் நம்மை எடுக்காமலே போயிருக்கலாம். நாலு பேரும் மெட்ராஸ் ரயிலிலிருந்து திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கியிருப்போம். செல்லோவை யார் தூக்குவது என்று சண்டை போட்டிருப்போம். யூசுப் நேரே வீட்டுக்குப் போய், "போய் வாசிச்சோம்த்தா, எடுக்கல" என்று சொல்லியிருப்பான்.

அதை அவன் தலை நிமிர்ந்து சொல்லியிருப்பான்.