பதினான்காவது கேள்வி

திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சின்னவன் எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரிக்கே இரண்டு தாள் கிழிந்துவிட்டது. அதனால் சௌக்கியத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் எடுத்தால் உன் தம்பி மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அண்ணிகிட்ட நானும் ஒரு வார்த்தை பேசிக்கிறேன் என்பாள். அதுவும் போக, என் குரலைக் கேட்டால் நீ அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாய்.

கம்பெனி எங்கள் பிரிவை மூடியதை முன்பே சொன்னேன். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு ஒரு கைகுலுக்கல், ஒரு சுவர்க் கடிகாரம். அந்தக் கடிகாரமும் பத்து நிமிடம் பின்னால் ஓடுகிறது. பரவாயில்லை, பதினொரு கட்டடங்கள் என்னைத் தனியாகவே வைத்துக்கொண்டன. வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கம்பெனி கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடு போன மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது எங்கள் மூவரில் யாருக்கு என்ன வந்தாலும் கைக்காசுதான். மகள் வாண்டு தும்மினால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன்.

தனியாகக் காப்பீடு எடுக்கலாம் என்று ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாண்டு மூன்று திட்டத்துக்கும் பெயர் வைத்துவிட்டாள்: ஒல்லி, நடு, குண்டு. ஒல்லிக்கு வருடம் பதினெட்டாயிரம். ஆனால் ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு வரம்பு உண்டு, மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு நம் தலையில். நடுவுக்கு இருபத்தேழாயிரம். அறைக்கு வரம்பில்லை, ஆனால் ஏற்கனவே இருக்கிற நோய் என்றால் நாலு வருடம் கழித்துத்தான் கை கொடுப்பார்கள். குண்டுக்கு நாற்பத்தோராயிரம், காத்திருப்பு இரண்டு வருடம். எது மலிவு என்று கேட்டால் எல்லாரும் ஒல்லியைக் காட்டுகிறார்கள். நோய் வந்த பிறகு எது மலிவு என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஒல்லியின் படிவத்தைத்தான் முதலில் எடுத்தேன். வயது, எடை, புகை உண்டா, குடி உண்டா எல்லாம் சரசரவென்று நிரப்பிவிட்டேன். பதினான்காவது கேள்வியில் நின்றுவிட்டேன். தந்தை உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வயதில், என்ன காரணத்தால் இறந்தார் என்று கேட்கிறார்கள்.

வயது தெரியும், நாற்பத்தாறு. எனக்கு இப்போது நாற்பத்து நாலு. காரணம், பெயர்ப் பலகை எழுதும்போது ஏணி சறுக்கி விழுந்தார் என்று அம்மா சொன்னதுதான். எனக்கு அப்போது ஆறு வயது, உனக்குப் பதினைந்து. ஏணியே வேண்டாம் என்றுதான் நான் லிஃப்ட் வேலைக்கு வந்தேன் என்று ஊரெல்லாம் ஜோக்கடித்திருக்கிறேன். ஆனால் பேனாவை வைத்து எழுதப் போனபோது, அவ்வளவுதானா என்று ஒரு சந்தேகம். அப்பாவுக்கு வேறு ஏதாவது உடம்புக்கு இருந்ததா அக்கா? உனக்குத்தான் தெரியும்.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்னால் வேலை செய்கிற இடத்தில் ஒரு கணம் கண் இருட்டிவிட்டது. காலையில் சாப்பிடாமல் போனேன், வேறு ஒன்றுமில்லை. வீட்டில் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

உன் பதில் வந்ததும் படிவத்தைக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
சின்னவன்

*

வியாழக்கிழமை

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. விபத்து என்று எழுதிவிடு, பழசைக் கிளறாதே என்று இரண்டு வரி. மீதிப் பக்கமெல்லாம் உன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. எப்போதும் நாலு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவள் ஒரு பக்கத்தில் முடித்துவிட்டாய். அந்த இரண்டு வரியில் பேனாவை நீ அழுத்திய அழுத்தம் தாளுக்குப் பின்பக்கம் கையில் தட்டுப்படுகிறது.

காப்பீட்டு ஏஜெண்டும் நீ சொன்னதையேதான் சொன்னார். நல்ல மனுஷர், பாதிப் பேச்சைச் சிரித்தே முடித்துவிடுவார். விபத்துன்னு போட்டுடுங்க சார், மயக்கம் கியக்கம்னு எல்லாம் எழுதி உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க என்றார். பதிமூன்றாவது கேள்வி அதுதான்: கடந்த ஒரு வருடத்தில் மயக்கம் வந்ததா, ஆம், இல்லை. இல்லை என்பதில் ஒரு டிக் போட்டேன். விபத்து என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

ஏன் மனம் வரவில்லை என்று சொல்கிறேன். ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் மொட்டை மாடி மெஷின் ரூமில் ஓர் அட்டை தொங்கும். பார்க்க வந்தவன் என்ன பார்த்தான், என்ன கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்தை நம்பித்தான் கர்ப்பிணியும் குழந்தையும் பள்ளிக்கூட வாத்தியாரும் உள்ளே ஏறிக் கதவை மூடிக்கொள்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் கோளாறு இருக்கும்போது சரியாக உள்ளது என்று நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை. என்னிடம் பெருமைப்பட்டுக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான் அக்கா.

அன்றைக்கு நடந்ததையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று, கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தேன். கூண்டை அப்படி ஓட்ட ஒரு பொத்தான் உண்டு. விரல் அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் நின்றுவிடும். ஏழாவது மாடி தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, என் கன்னம் எண்ணெய்ப் பிசுக்கான இரும்பில் ஒட்டியிருந்தது. டார்ச் கீழே குழியில் விழுந்து உடைந்திருந்தது. பொத்தானிலிருந்து விரல் நழுவியதால் கூண்டு நின்றிருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மெஷின் ரூமில் என் கம்பெனிக் கூட்டாளி தாடிக்காரர் இருப்பார். நாங்கள் ஜோடியாகத்தான் வேலை செய்வோம். இரண்டு தடவை கூப்பிட்டு நான் பதில் சொல்லாவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வருவார். இப்போது கூப்பிட யாருமில்லை. நான் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று எனக்கே தெரியாது.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். ஆனால் நேற்று பள்ளியில் ஓட்டப் பந்தயப் பயிற்சி. வாண்டு பாதித் தூரத்தில் அப்படியே விழுந்துவிட்டாள். கால் தடுக்கவில்லையாம். கண் திறந்தே இருந்ததாம். கொஞ்ச நேரத்தில் எழுந்து, நான் எத்தனாவது வந்தேன் என்று கேட்டாளாம். அவள் அம்மா முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டு, காலையில சாப்பிடாம ஓடினா இப்படித்தான் ஆகும் என்று திட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் சொல்லிக்கொண்ட அதே காரணம்.

டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றால் ஏஜெண்ட் பதறுகிறார். இப்பப் போய்க் காட்டினா அது ஏற்கனவே இருக்கிற நோய்னு பதிவாயிடும் சார், முதல்ல பாலிசி கைக்கு வரட்டும், அப்புறம் ஒரு மாசம் கழிச்சுக் காட்டுங்க என்கிறார். நானும் தலையாட்டிவிட்டேன். பிள்ளையிடம் ஓடாதே, ஓடாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளை எப்படி நடந்தே போகும்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். ஏணி சறுக்கியதால் அப்பா விழுந்தாரா? அப்பா விழுந்ததால் ஏணி சறுக்கியதா?

பயத்துடன்,
சின்னவன்

*

ஞாயிற்றுக்கிழமை

என் அக்காவுக்கு,

பத்து நாள் காக்க வைத்து, ஒன்பது பக்கம். மெஷின் ரூம் படியில் உட்கார்ந்து படித்தேன். முடிக்கும்வரை கீழே இறங்க முடியவில்லை.

செருப்புக் கடைப் பலகை, சிவப்புப் பெயிண்ட், அப்பா கையில் பிரஷ். அவர் கண் திறந்தே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியே சரிந்தார் என்று எழுதியிருக்கிறாய். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. எனக்கு இத்தனை வருடமாக அது தெரியாது. இதயத் துடிப்பில் ஏதோ கோளாறு, முன்பே இரண்டு தடவை மயங்கியிருக்கிறார் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னதும், வெளியே தெரிந்தால் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மா உன் வாயை அடைத்ததும் தெரியாது. உனக்கும் அதே கோளாறு என்பதும், ஒன்பது வருடமாக மாத்திரை என்பதும், தோள் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில், துடிப்பைச் சீராக்க, தீப்பெட்டி அளவு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. எல்லாப் போட்டோவிலும் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருக்கிறாயே ஏன் என்று முன்பு ஒரு தடவை கேட்டேன். குளிர் என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். ஒன்பது வருடமாக எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். பிறகு, என் பையில் கிடந்த படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இல்லை என்று ஒரு டிக். விபத்து என்று ஒரு சொல். அடியில் என் கையெழுத்து. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். மூன்று திட்டத்துக்கும் புதுசாகப் படிவம் வாங்கி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினேன், அப்பா, நீ, நான், வாண்டு. ஒல்லி எங்களை வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டது. நடுவும் அப்படியே. குண்டு மட்டும் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறது. எடுத்துக்கொண்டாலும் தொகை ஒன்றரை மடங்கு, இதயத்துக்கு மட்டும் மூன்று வருடக் காத்திருப்பு என்கிறார் ஏஜெண்ட். பாவம், அவர் சிரிப்பே போய்விட்டது. எதுக்கு சார் இவ்வளவு உண்மை என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே லிஃப்ட்டை நிறுத்தி, பழுது என்று பலகை மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். குடியிருப்பவர்கள் பத்து மாடி ஏறி மூச்சு வாங்கி என்னைத் திட்டினாலும் அசைய மாட்டேன். அப்படிப்பட்டவன், அவள் பள்ளியில் விழுந்ததிலிருந்து பதினெட்டு நாளாக என் மகளைச் சந்தேகத்தோடு ஓடவிட்டிருக்கிறேன். பாலிசி வரட்டும், பாலிசி வரட்டும் என்று. அந்தப் பதினெட்டு நாளில் ஒரு நாள் அவள் விழுந்து எழுந்திருக்காமல் போயிருந்தால்?

நேற்று உன் தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் கட்டம் போட்டிருந்த நோட்டை எடுத்து, ஒல்லியையும் நடுவையும் குண்டையும் ஒரு தரம் படித்துவிட்டு மூடி வைத்தாள். நாளைக்கு எத்தனை மணிக்கு டாக்டர் வருவாரு என்று கேட்டாள். அவ்வளவுதான். பிறகு சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றாள்.

அதனால் நாளை காலை பத்து மணிக்குப் போகிறோம். வாண்டுக்கும் எனக்கும் சேர்த்தே பரிசோதனை. காப்பீடு இல்லை. சேர்த்து வைத்திருப்பதில் ஆகிறவரை ஆகட்டும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். பதினொரு கட்டடத்தையும் தாடிக்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். உன் மேலயும் ஒரு பலகைய மாட்டிக்கப்பா என்று கிண்டல் செய்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டருக்கு உன் மருந்துச் சீட்டும் கருவியின் விவரமும் வேண்டும். அம்மா எவரிடமும் காட்டாத அப்பாவின் பழைய காகிதங்கள் உன்னிடம் இருப்பதாக எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் தபாலில் அனுப்பலாம்தான். அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா.

வாண்டுவிடம் அத்தைக்கும் இதே மாதிரிதான் என்று சொன்னேன். அத்தை உயிரோடத்தானே இருக்காங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போ சரி என்று தூங்கப் போய்விட்டாள். அவளுக்கு நீ போட்டோவில் இருந்தால் போதாது. அந்தத் தீப்பெட்டியை அவள் தொட்டுப் பார்க்க வேண்டும். உனக்கு ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது, அப்பாவைவிட ஏழு வயது அதிகம் என்று அவளும் கண்ணால் காண வேண்டும். நானும்தான்.

கடைசிப் பக்கத்தில், நான் இன்னும் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும் என்று எழுதி அடித்திருக்கிறாய். அடித்தாலும் படிக்க முடிகிறது. அன்றைக்குப் பதினைந்து வயதுப் பெண் நீ. ஏணியை நீ விடவே இல்லை அக்கா. சறுக்கவும் இல்லை அது. அப்பா விழுந்த பிறகும் அது சுவரில் சாய்ந்தபடியே நின்றது என்று நீயேதான் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்.

சௌக்கியத்தைக் கடைசியில் எழுதுகிறேன் என்றேன் அல்லவா. இன்னும் எழுத முடியவில்லை. நீ வந்து சேர்ந்த அன்றைக்கு, மூன்று பேரை நான்கு பேராக்கி எழுதிக்கொள்கிறேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் கிளம்பி வா. வந்து கீழே நின்று பிடித்துக்கொள்.

உன் தம்பி,
சின்னவன்