டன்ஸ்கார் பலகைக்கு இரண்டாம் பூச்சு வேண்டாம்

அனுப்புநர்:
திருமதி மார்ஜரி க்ளெக்,
17, டென்டர் தெரு,
ஹார்ல்டன், லங்காஷயர்.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
நகர்மன்றக் கட்டடம்,
ஹார்ல்டன்.

பொருள்: ஹார்ல்டன் மேல்நிலைப் பள்ளி – டன்ஸ்கார் இல்லத்தின் பெயரை மீண்டும் வழங்கவும், எனது முந்தைய மனுவை ரத்து செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதிய மனு, நாள் 8.11.1976.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஹார்ல்டன் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். என் கணவர் வால்டர் பேருந்து ஓட்டுநர். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஹிலரி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இளையவள் ரூத், வயது பதினொன்று, சென்ற மாதம் மேற்படி பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். இம்மனு இருவர் பொருட்டும் எழுதப்படுகிறது.

2. பள்ளிப் பிள்ளைகள் பிரித்துச் சேர்க்கப்படும் நான்கு இல்லங்களுக்கும் நம் ஊரைச் சுற்றியுள்ள பழைய மாளிகைகளின் பெயர்கள் இடப்பட்டிருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ரிங்லோ மாளிகை இன்று முதியோர் விடுதி. மெர்க்லியில் கோல்ஃப் ஆடுகிறார்கள். ஹோல்டர்ஷாவில் நுழைவுச்சீட்டு விற்கிறார்கள், தேநீரும் கிடைக்கும், சுமார்தான். டன்ஸ்காரில் மட்டும் போருக்குப் பிறகு கூரையைப் பிரித்து விற்றுவிட்டார்கள். எஞ்சியவை ஒரு முன்சுவர், ஒரு வளைவு, எந்த அறைக்கும் போகாத பதினான்கு கற்படிகள்.

3. ஆண்டுதோறும் அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு இல்லத்துப் பிள்ளைகளும் தத்தம் மாளிகைக்கு நடந்து போய்வருவது வழக்கம். மற்ற மூன்று இல்லத்தாரும் டன்ஸ்கார் பிள்ளைகளை வழியனுப்பும் விதம் ஊருக்கே தெரியும். "கூரை இல்லாத கூட்டம் போகுதுடா, குடை எடுத்துக் குடுங்க" என்பார்கள். அதற்கு என் ஹிலரி, "எங்க வீட்ல வானமே கூரை. உங்க வீட்ல காசு குடுத்தாத்தான் கதவே தெறக்கும்" என்று பதில் கொடுத்ததாக அவளே வந்து சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு வாய் அவளுக்கு. அந்தப் படிகளில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன இறைச்சிப் பணியாரத்தைத் தின்றுவிட்டு வருவதைத் திருவிழாவாகவே நினைத்தாள்.

4. 1976 செப்டம்பரில் அவள் டன்ஸ்கார் இல்லத்தின் துணைத்தலைவி ஆனாள். பள்ளியின் பெருங்கூடத்தில் உள்ள அந்த இல்லத்தின் பெயர்ப்பலகையில் அவள் பெயர் பொன்னெழுத்தில் ஏறியது. மறுமாதம் முதல் நாள், அந்த நடைப்பயணத்தின்போது, சிறுமி ஒருத்தி வளைவுக்கு அடியில் விட்டுவந்த பையை எடுக்க ஹிலரி திரும்பிப் போனாள். பல நாள் மழையில் இளகியிருந்த கல் விழுந்தது. விசாரணை நடந்தது, குற்றம் எவர்மீதும் இல்லை என்று முடிவாயிற்று. அது சரியான முடிவுதான் என்று இன்று எனக்குத் தெரியும்.

5. அன்று தெரியவில்லை. எவரையாவது திட்டியாக வேண்டியிருந்தது, கிடைத்தது டன்ஸ்கார் என்ற அந்தப் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் பள்ளியில் எங்கும் இருக்கக்கூடாது, எந்தப் பிள்ளையின் வாயிலும் வரக்கூடாது என்று தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பேர எடுத்துட்டா பிள்ளை வந்துடுவாளா, மார்ஜ்?" ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவளின் கதையாகிவிட்டது என் கதை.

6. எங்கள் தெருவிளக்கைப் பற்றி நான் எழுதிய நான்கு மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் இந்த ஒரு மனுவை மட்டும் ஆறே வாரத்தில் நிறைவேற்றினீர்கள். டன்ஸ்கார், ரிவர்சைட் ஆயிற்று. டன்ஸ்கார் பிள்ளைகளின் மஞ்சள் டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பழைய பெயர்ப் பதிவேட்டை மூடிவிட்டுப் புதியது தொடங்கினார்கள். பெயர்ப்பலகையின்மேல் பழுப்பு வண்ணம் பூசப்பட்டது. அந்தப் பலகையோடு என் மகளின் பெயரும் போய்விடும் என்பது, பெற்றவளான எனக்கே தோன்றவில்லை ஐயா. தங்களுக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

7. அக்காள் இருந்த இல்லத்திலேயே தங்கையும் சேர்வது இப்பள்ளியின் விதி. சேர்க்கைப் படிவத்தில் 'இப்பள்ளியில் படித்த உடன்பிறந்தோர், அவர்தம் இல்லம்' என்ற கட்டத்தில் ரூத் தன் கையாலேயே 'ஹிலரி க்ளெக், டன்ஸ்கார்' என்று எழுதினாள். அப்படி ஓர் இல்லம் பதிவேட்டில் இல்லாததால், எழுத்தர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'எவரும் இல்லை' என்று எழுதி, அவளை ரிங்லோவில் சேர்த்துவிட்டார். படிவத்தின் நகல் வீட்டுக்கு வந்தது. ரூத் அதை என் முன்னால் வைத்து, "அம்மா, அக்கா எந்த ஹவுஸ்ல இருந்தா? எதுலயும் இல்லன்னு போட்டிருக்காங்களே" என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சிவப்பு மைக்கு அடியில் இருந்த அவள் எழுத்தை நானும் படித்தேன்.

8. அன்று முதல் அவள் ரிங்லோவின் பச்சை டையைக் கட்ட மறுக்கிறாள். வெறுங்கழுத்தோடு போய், நாள்தோறும் தண்டனையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். தலைமையாசிரியர் திரு. பிக்கர்ஸ் அவர்களைச் சந்தித்தேன். நல்ல மனிதர். "நீங்க கேட்டதத்தானேம்மா செஞ்சோம்" என்றார். உண்மைதான். வருகிற திங்கள், 15ஆம் தேதி முதல் டை இல்லாமல் வந்தால் பள்ளிக்குள் விட முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். தங்கள் அலுவலகத்தின் உத்தரவு இருக்கும்வரை தம் கைகள் கட்டப்பட்டிருப்பதாகவும் சொன்னார்.

9. இதை எழுதத் தூண்டியது வேறொன்று. தண்டனை நான்கு மணிக்கு முடிந்தும் ரூத் ஐந்தரைக்குத்தான் வீடு வந்தாள். நான் போய்ப் பார்த்தேன். பெருங்கூடத்தில், அந்தப் பழுப்புப் பலகையின் முன்னால், தலையைச் சாய்த்தபடி நின்றிருந்தாள். பள்ளியைப் பராமரிக்கும் திரு. ஓல்ட்ராய்ட் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "ஒரே பூச்சுதாம்மா அடிச்சேன். சாயங்கால வெயில் சன்னல் வழியா சாஞ்சு விழறப்ப எழுத்து மேடு தட்டித் தெரியும். ரெண்டாவது பூச்சு அடிக்கச் சொன்னாங்க, எனக்கு மனசு வரல." நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். தெரிகிறது ஐயா. எச் மட்டும் கொஞ்சம் மங்கல்.

10. வருகிற 22ஆம் தேதி தொடங்கும் அரைப்பருவ விடுமுறையில் கூடத்துக்கு வண்ணம் பூசப்படுவதாகவும், இம்முறை வெளியாட்கள் வருவதாகவும் அறிகிறேன். அவர்கள் இரண்டு பூச்சு பூசாமல் போகமாட்டார்கள்.

ஆகவே, 8.11.1976 நாளிட்ட எனது மனுவை ரத்து செய்தும், இல்லத்துக்கு டன்ஸ்கார் என்ற பெயரை மீண்டும் வழங்கியும், ரூத்தை அதில் சேர்த்தும் உத்தரவிட வேண்டுகிறேன். பெயர் மாற்றத்துக்கு மன்றக் கூட்டம் கூட வேண்டும், நாளாகும் என்றால் பொறுத்திருக்கிறேன். தெருவிளக்குக்குப் பொறுத்துப் பழகியவள்தான். அதுவரை டை விஷயத்தில் அவளை மன்னிக்கும்படி தலைமையாசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அதுவும் முடியாதென்றால், ஒன்றுமே செய்ய வேண்டாம். வண்ணக்காரர்களிடம் அந்தப் பலகையை விட்டுவிடச் சொன்னால் போதும். ரூத் அதை வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இடம்: ஹார்ல்டன்
நாள்: 10.10.1979

முதல் மனுவையும் எழுதிய,
மார்ஜரி க்ளெக்
(ஹிலரி, ரூத் இருவரின் தாய்)

இணைப்பு: சேர்க்கைப் படிவத்தின் நகல் ஒன்று. மஞ்சள் டை ஒன்று எங்களிடம் உள்ளது. 1976இல் திருப்பித் தரத் தவறிவிட்டேன். அதை இணைக்கவில்லை.