போடாத ஊசிக்கு எட்டு அட்டைகள்

அனுப்புநர்:
சலூன்காரரின் மனைவி,
தட்டச்சர், ஜெராக்ஸ் கடை (தங்கள் அலுவலக வாசலுக்கு எதிரில்),
குடியிருப்பு: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு, சலூனுக்கு மேல்மாடி.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம், முதல் மாடி.

பொருள்: ஜூன் 8 அன்று சமுதாயக் கூடத்தில் நடந்த நாய்க்குட்டி தத்து முகாமில் தடுப்பூசி போடாமலே போட்டதாக அட்டை வழங்கியது – அதை நம்பிய என் கணவர் ரேபிஸ் நோயால் இறந்தது – அதே ஈற்றில் பிறந்த, இன்னும் கண்டுபிடிக்கப்படாத இரண்டு குட்டிகளையும் அவற்றை வளர்க்கும் வீட்டாரையும் உடனே தேடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: ஆகஸ்ட் 4 தேதியிட்ட என் மனு (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பாதியை நான்தான் தட்டச்சு செய்கிறேன். குழாய் இணைப்பு, பிறப்புச் சான்று, எரியாத தெருவிளக்கு என எதுவானாலும் எங்கள் கடைக்குத்தான் அனுப்பிவைப்பார்கள். எனக்காக நான் மனு எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் மனுவில் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அதையும் சேர்த்து இதில் எழுதுகிறேன்.

1. ஜூன் 7, சனிக்கிழமை, கடை சாத்தும் நேரத்தில் தங்கள் அலுவலகத்தின் கால்நடைப் பிரிவு உதவியாளர் வந்தார். மறுநாள் முகாமில் கொடுக்க எட்டு அட்டைகள் வேண்டும் என்றார். "வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. நாள்: ஜூன் 8" என்று அடிக்கச் சொன்னார். மருந்துக் குப்பியின் எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். இன்னும் போடவில்லையே என்று கேட்டேன். "காலையில போட்டுடுவோம்மா. கூட்டத்துல உக்காந்து எழுதிட்டிருக்க முடியுமா?" என்றார். எட்டையும் அடித்துக் கொடுத்தேன். நான் மறைத்தது இதைத்தான்.

2. மறுநாள் முகாமுக்கு என் கணவரும் நானும் போனோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குட்டி வேண்டும் என்று மாதக்கணக்கில் நச்சரித்தவர் அவர்தான். மேசைமேல் ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. உதவியாளர் அதைத் திறந்து எனக்கு ஒரு குளிர்பானம் எடுத்துக் கொடுத்தார். பெட்டிக்குள் இருந்தவை அத்தனையும் குளிர்பானப் பாட்டில்கள். நானும் வாங்கிக் குடித்தேன். எந்தக் குட்டிக்கும் ஊசி போட்டதை நான் பார்க்கவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

3. என் கணவரை இந்த வட்டாரத்தில் 'ரேடியோ' என்று சொன்னால்தான் தெரியும். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. முடி வெட்ட வேண்டிய அவசியம் இல்லாதவர்கள்கூடப் பேச்சுக் கேட்க வந்து உட்காருவார்கள். குட்டி நாள் முழுக்க நாற்காலிக்கு அடியில் தூங்கியதால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். "வேலை செய்யாம இருக்கத் தெரிஞ்சவன்தான் மேனேஜர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒன்பது நாள் எங்கள் வீடு அப்படி இருந்தது.

4. ஜூன் 17 அன்று குட்டி சாப்பிடவில்லை. கீழ்த்தாடை தொங்கிப்போய் வாயிலிருந்து எச்சில் வழிந்தது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எண்ணி என் கணவர் இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினார். பல் கிழித்து ரத்தம் வந்தது. உதவியாளருக்கு ஃபோன் செய்தேன். "குடல்புழுவா இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். குட்டி இரண்டாம் நாள் செத்தது.

5. ஐயா, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். என் கணவர் விரலில் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டே, "ஊசி போட்ட குட்டிடீ. நீ அடிச்ச அட்டைய நீயே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்துடன் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

6. ஜூலை 28, திங்கட்கிழமை காலை. வாடிக்கையாளர் தலைக்குத் தண்ணீர் அடிக்க என் கணவர் ஸ்பிரே பாட்டிலை எடுத்திருக்கிறார். ஒரு தடவை அடித்ததுமே தொண்டையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாராம். திரும்ப அடிக்கப் பார்த்து, முடியாமல் பாட்டிலைக் கீழே வைத்திருக்கிறார். பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாடிக்கு வந்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். காற்று பட்டால் தொண்டை இறுகுகிறது என்றார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் உதட்டுக்கு வரும் முன்பே அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

7. அரசு மருத்துவமனையில் நாய் கடித்ததா என்று டாக்டர் கேட்டார். நான் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். என் கணவரைக் காப்பாற்றப் போவது அதுதான் என்ற எண்ணத்தில் நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு, "இதை யாரும்மா குடுத்தாங்க?" என்றார். நான் அடித்தது என்று சொன்னேன். தனியறைக்கு மாற்றினார்கள். நான்காம் நாள், ஜூலை 31 அன்று, மதியம் என் கணவர் இறந்தார். அந்த நான்கு நாளும் தெளிவு வந்தபோதெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தார். கட்டிலோடு கட்டியிருந்த கையை அவிழ்க்கச் சொன்னார். என்னைத் தானே கடித்துவிடுவோமோ என்று தனக்குப் பயமாக இருப்பதாகச் சொல்லி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் தள்ளி நின்றேன்.

8. குட்டிகளின் தாய் வண்டியில் அடிபட்டுச் செத்ததாக முகாமில் சொன்னார்கள். அது உண்மையல்ல. காய்கறி மார்க்கெட்டில் தள்ளுவண்டி வைத்திருப்பவர், முகாமுக்குப் பத்து நாள் முன்பு அது வெறிபிடித்துத் தன் குட்டிகளையே கடித்தது என்றும், அடித்துக் கொன்றார்கள் என்றும் சொல்கிறார். உதவியாளருக்கு அன்றே தகவல் சொன்னதாகவும், எங்கு கேட்டாலும் வந்து சொல்லத் தயார் என்றும் கூறுகிறார்.

9. உதவியாளரின் தரப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன். அன்று ஊசி போட்டிருந்தாலும், தாய் கடித்த குட்டி பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்று கால்நடை மருத்துவர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த அட்டை மட்டும் இல்லாதிருந்தால், விரல் கிழிந்த அன்றே நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். என் கணவருக்கு நாற்பத்தொரு நாள் அவகாசம் இருந்தது. அந்த நாட்களைத் தின்றது அட்டைதான்.

10. ஆகஸ்ட் 4 அன்று மனுவோடு வந்தபோது தங்கள் எழுத்தர், விஷயம் வெளியே தெரிந்தால் பீதி பரவும், தெருநாயையெல்லாம் அடித்துக் கொல்வார்கள் என்றார். அடிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று. மூன்றும் யாரையும் கடிக்காதவை. உதவியாளர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "அட்டைய அடிச்சது யாரு? கம்ப்யூட்டர்ல தேதியோட இருக்குமே. யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்தேன். அந்தக் கோப்பை அழிக்கவில்லை. ஜூன் 7 மாலை 6.52 என்று நேரம் காட்டுகிறது. அச்செடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அது எனக்கு எதிரான சாட்சி என்றும் தெரியும்.

11. தத்து எடுத்தவர்களின் பட்டியலை அலுவலகத்தில் தர மறுத்தார்கள். முகாமுக்கு மறுநாள் அதை நகலெடுக்க எங்கள் கடைக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். மை தீற்றிய ஒரு நகல் கழிவுத்தாள் கட்டுக்குள் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு இறுதிச் சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனேன். எங்கள் குட்டி போக ஏழு. ஐந்து வீடுகளைக் கண்டுபிடித்தேன். மூன்றில் குட்டி ஏற்கெனவே செத்திருந்தது. புழு, வெயில், கெட்ட சாப்பாடு என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். இரண்டு குட்டிகள் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கின்றன. அந்த ஐந்து வீடுகளிலும் சேர்த்துப் பதினான்கு பேர் இப்போது ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் வர மறுத்தார். என் அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து வந்து என்னிடமே காட்டினார். அவர் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கிளம்பினார்.

12. மீதி இரண்டு வீடுகளுக்குப் பட்டியலில் முகவரி எழுதவில்லை, ஃபோன் எண்களும் தவறாக இருக்கின்றன. ஒரு குட்டியை வாங்கியவர், சட்டையெல்லாம் சுண்ணாம்பு தெறித்திருந்த பெயிண்டர். நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்புக் குட்டி அது. மற்றதை ஸ்கூட்டரில் வந்த ஒருவர் தன் மகளுக்காக வாங்கினார். பழுப்பு நிறம், முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. மகளுக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிச் சீருடைப் பாவாடைதான் கட்டியிருந்தாள், நீலம். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள், "ஆன்ட்டி, இது என் மூஞ்சியெல்லாம் நக்குது" என்று என்னிடம் காட்டினாள். நான்தான் அவள் அப்பாவிடம் பயப்பட வேண்டாம் என்றேன்.

எனவே தாங்கள் தயவுகூர்ந்து இந்த இரண்டு வீடுகளையும் தேட ஒலிபெருக்கி வண்டி மூலம் தெருத்தெருவாக அறிவிக்க ஆணையிட வேண்டுகிறேன். குட்டி செத்துவிட்டது என்று யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. செத்திருந்தால்தான் ஆபத்து அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லவைக்க வேண்டுகிறேன். யாரையும் கடிக்காத நாய்களை அடிப்பதை நிறுத்தி, அவற்றுக்கு உண்மையாகவே ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். விசாரணை வைத்தால் முதல் ஆளாக என்னைக் கூப்பிடுங்கள். நிவாரணம் எதுவும் கேட்கவில்லை.

விசாரணை, ஆணை எல்லாம் வர நாளாகும் என்று அனுபவத்தில் தெரியும். ஆனால் அந்தப் பெண் பள்ளிக்குப் போகிற பிள்ளை. இந்த ஊரில் நீலப் பாவாடை சீருடை உள்ள பள்ளிகள் நான்கு. காலையில் மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். நான்கு தலைமையாசிரியர்களுக்கும் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு பள்ளியிலும் என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. நாளைக் காலை அவள் அந்த வரிசையில் நிற்பாள் என்ற நம்பிக்கையில்தான் இதை இன்றே தங்கள் கையில் கொடுக்கிறேன்.

நாள்: ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, காலை 9.40
இடம்: தங்கள் அலுவலக வராந்தா

தங்கள் ஆணைக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சலூன்காரரின் மனைவி

இணைப்பு:
1. தடுப்பூசி அட்டை – நகல்.
2. கணினிக் கோப்பின் தேதி, நேரம் காட்டும் அச்சு.
3. கணவரின் இறப்புச் சான்று – நகல்.
4. தத்து எடுத்தவர்கள் பட்டியல், மை தீற்றியது. கண்டுபிடித்த ஐந்து வீடுகளுக்கு எதிரே குறியிட்டிருக்கிறேன்.