கோகிலாவிடம் நான் கேட்ட கேள்வி

ஆவணி, ஞாயிறு.

தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கோகிலாவுக்கு இன்று உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக இருந்தது. பள்ளியில் என்னிடம் படித்தவள், இப்போது கல்லூரியில் கடைசி வருடம். மல்லசமுத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உப்பையும் சர்க்கரையையும் கைமாற்றும் நேரத்தில் அவள் எழுந்து நின்று, "எனக்கு இஷ்டமில்லீங்க. நான் மேல படிக்கோணும்" என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

நான் கொடுத்த நாவலில் ஒரு பெண் இப்படித்தான் நிறைந்த சபையில் எழுந்து பேசுவாள்.

வந்தவர்கள் போனதும் அவளுடைய அம்மா தலையணைக்கடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் திணித்தார். "இதப் படிச்சுத்தானுங்க டீச்சர் இவ இப்படி ஆயிட்டா. ஆரு குடுத்தாங்கன்னு நீங்களே கேளுங்க. உங்ககிட்ட மட்டும் பொய் சொல்லமாட்டா."

வீடே என்னைப் பார்த்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, வகுப்பில் கேட்கிற அதே குரலில், "ஆரு சாமி குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

கோகிலா என்னையே பார்த்தாள். "பஸ்ல கெடந்துச்சுங்க டீச்சர்."

அவள் அப்பா ஓங்கி அறைந்தார். கம்மல் தெறித்து விழுந்தது. குனிந்து அதை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அம்மா புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டார்.

அதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அவள் ஒரே முறைதான் படித்தாள்.