மலையிலிருந்து வந்த அக்கா

புரட்டாசி, வியாழக்கிழமை

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். மலைக்குப் பஸ் இல்லை. கடுக்காய் மூட்டையோடு வந்த கூடப்பிறந்த அக்கா என் கடையிலேயே தங்கும்படி ஆயிற்று. நானும் மலைக்காரன் என்பது கள்ளக்குறிச்சியில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தபடி அவளும் என்னை மொதலாளி என்றுதான் கூப்பிடுவாள்.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "இன்னாங்க, மலைக்காரிய கல்லாகிட்ட உக்கார வெச்சிகினு கீறீங்க?"

"அது எங்க அக்காங்க" என்றேன்.

அக்கா பதறி எழுந்தாள். "ஐயோ, மொதலாளி வெளையாட்றாருங்க!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சாப்பிடும்போது, "இனிமே பேர் சொல்லியே கூப்புடுக்கா" என்றேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வேணுமா, மொதலாளி?" என்றாள்.

நாளை பக்கத்துக் கடைக்கே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அக்கா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.