வண்டிக்கடியிலிருந்து அம்மா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் நெற்றி வீக்கத்தைத் தவிர்த்தால் நானும் அப்பாவும் சௌக்கியம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எதிர்வீட்டு டீச்சர் உனக்குப் போன் போடுவதற்குள் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பழைய பைஜாமாவை மாட்டிக்கொண்டு நம் காருக்கடியில் படுத்திருந்தேன், நாடா ஏதோ போல்ட்டில் சிக்கிக்கொண்டது, வெளியே இரண்டு கால் மட்டும் உதறுவதைப் பார்த்த டீச்சர், ஐயையோ வண்டி ஏறிடுச்சுன்னு தெருவையே கூட்டிவிட்டார். பதறி எழுந்து இடித்துக்கொண்டதுதான் வீக்கம். அப்பா காலைப் பிடித்து இழுத்ததில் நான் முழுசாக வந்தேன், பைஜாமா பாதிதான் வந்தது, அதற்கு மேல் கேட்காதே.

பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரத்தில் கடக் கடக்கென்று கேட்குமே, அது சஸ்பென்ஷன் புஷ், அதாவது சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ரப்பர், தேய்ந்த சத்தமாம். இந்த வண்டிக்கு இப்போ கம்பெனி சாமானே வர்றதில்லம்மா என்று மெக்கானிக் கைவிரித்தார். வண்டியை விற்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கொண்டாட்டம். மாசக் கடைசியில தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம், ஒரு சத்தம் கேட்டாலும் வித்துடுவேன் என்றார். வண்டி போனால் எங்கே கிளம்பவும் நான் அவரைக் கெஞ்ச வேண்டும், அவர் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் கடையே சாத்திவிடுவார்கள். விடுவேனா? அதற்குத்தான் உன்னை நச்சரித்து வேறு கம்பெனி புஷ்ஷை வரவழைத்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை நானே கழற்றினேன். பழைய ரப்பரை எடுத்துப் புதியதை ஏற்றியது மட்டும் லேத்துப் பட்டறை பிரஸ், அதற்கு என் பலம் போதாது. திரும்ப மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கி இறக்கினால், வண்டி உன் அத்தை மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அமுக்கினால் முனகுகிறது. அப்போது அப்பா என் முதுகிலிருந்து எதையோ பிய்த்து, சக்கரம் தரையில நின்னப்புறம்தான் கடைசி முறுக்குன்னு போட்டிருக்கே, இதும் மேலயா படுத்திருந்தே என்று விழுந்து விழுந்து சிரித்தார். மண் படாமல் இருக்க நான் விரித்துக்கொண்டது புஷ்ஷோடு வந்த விளக்கத் தாளாம்! நீ எதை வாங்கினாலும் தாளைப் படித்துவிட்டுப் படு. சிரிச்சு முடிங்க, நான் இன்னும் முடிக்கலைன்னு சொல்லிவிட்டு மறுநாளே போல்ட்டையெல்லாம் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்க, மறுபடி நுழைந்து முறுக்கினேன். இந்தத் தடவை டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

நேற்று அப்பா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார, தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன். ஒரு சின்ன முனகல்கூட இல்லை. இறங்கியதும் வண்டி விற்றுத் தருவதாகச் சொன்ன புரோக்கருக்குப் போன் போட்டு, வர வேண்டாம்பா என்றார். வண்டி எனக்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள், நினைத்ததை முடிக்கிற பிடிவாதம் உனக்கும் குறையாமல் இருக்கட்டும். அப்பாவுக்கு ஒரு பைஜாமா வாங்கி அனுப்ப மறக்காதே.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்,
அம்மா

பி.கு.: முந்தாநாள் நம் தெருவுக்குப் புதுத் தார் போட்டார்கள். தெருக்கோடி வரை ஒரு பள்ளம் கிடையாது.