சோறு தீத்திய கை

சனிக்கிழமை இரவு.

முன்னொரு வருசம் ஐஸ்மழை கொட்டி மொன்றியலில் கரண்ட் நின்றது. எங்கள் ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரரும் தமிழரும் காஸ் அடுப்பு இருந்த ஒரு வீட்டில் குடும்பங்களோடு ஒதுங்கினோம். மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லோரும் கையால் சோறு தின்றோம்.

இன்று டவுன்டவுனில் பிலிப்பைன்ஸ் இளம் ஓவியர்களின் கண்காட்சி. தாய் தகப்பன் சொன்ன கதைகளை ஆளுக்கொரு விதமாக வரைந்திருந்தார்கள். என்னோடு கோப்பை கழுவிய லீத்தோவின் மகள் மரிசெல் வரைந்தது அந்தச் சோற்று மேசையை! முகங்கள் இல்லை, கைகள் மட்டும்.

"டேய், இது என்ர கையடா! சூட்டுத் தழும்பையும் விடேல்லை!"

"மெல்லமாக் கதையுங்கோ அப்பா, எல்லாரும் பாக்கினம்" என்றான் மகன்.

ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டும் கை மட்டும் நிறம் தீட்டாமல் இருந்தது. மகன் அங்கே நின்ற மரிசெல்லிடம் கேட்டுச் சொன்னான்: "அந்தக் குழந்தை இவள்தானாம். தீத்தினது ஒரு தமிழ் அக்காவாம். பேர் மறந்துபோச்செண்டு சொல்லிப்போட்டுத் தகப்பன் செத்துப்போனாராம். கனகாலமாத் தேடுறாளாம்."

"எனக்குத் தெரியும், இங்க டொலார்ட் எண்ட ஊரிலதான் இருக்கிறா எண்டு சொல்லு!"

அந்தப் பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்து அழுதது, சிரித்தது. நாளைக்கே கூட்டிக்கொண்டு போகட்டாம். எனக்கு நித்திரை வரவில்லை, போனுக்குச் சொல்லி இதை எழுதுவிக்கிறேன். அந்த மேசையில் இருந்த பெரியவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது அவ ஒருத்திதான், எங்கள் அன்னம்மா அக்கா.